பன்னிரண்டு கஜம்

அமெரிக்காவின் தெற்கில் இருக்கும் ஹார்பின் ஊரில் ஒருவனுடைய ஆட்ட வாழ்க்கையை எடைபோட ஏழு பேர் போதும். ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை காலை பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த ஏழு பேரும் கூடுவார்கள். சூடான பிஸ்கட் ரொட்டியும் கிரேவிக் குழம்பும் முதலில் உள்ளே போகும். பிறகுதான் உயர்நிலைப் பள்ளி மைதானத்துக் கல்சுவரில் இந்த வருஷம் யார் பெயரைப் பொறிப்பது என்ற பேச்சு வெளியே வரும். ஏழு கைகளும் உயர வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் அந்தப் பெயர் போனது போனதுதான். பிறகு எந்த வருஷமும் அதை எடுக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில்கூட மேல்முறையீடு உண்டு. ஹார்பினில் கிடையாது.

கை தூக்குவதற்கு முன்னால் ஒரு சடங்கு இருக்கிறது. எண்காரர் எழுந்து நின்று ஆட்டக்காரனின் எண்களை முழுவதும் படிப்பார். படித்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முப்பத்தோரு வருஷமாக எண்காரர் ஆல்டன் ப்ரூயிட். தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் என்றால் மைதானத்து மேலே இருக்கும் கண்ணாடி அறையில் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். யார் பந்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை கஜம் ஓடினான் என்பதில் ஆல்டன் எழுதியதுதான் சட்டம். பக்கத்துக் கவுண்டிக்காரர்கள், அதாவது அடுத்த மாவட்டத்துக்காரர்கள், சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் செய்வார்கள்.

அன்று அவர் கையில் இருந்த பெயர் ஜார்வெல் மேப்ரி. படிப்பதற்கு முன் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். கண் மங்கிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"உயர்நிலைப் பள்ளி, மூன்று வருஷம்," என்று படித்தார். "ஆறாயிரத்து நூற்றுப் பதினான்கு கஜம். கவுண்டி சாதனை. கல்லூரி, முதல் வருஷம் நூற்று நாற்பத்தொன்று. இரண்டாவது வருஷம் இருநூற்று மூன்று. மூன்றாவது வருஷம் ஆடவில்லை, முட்டியில் அறுவைச் சிகிச்சை. நான்காவது வருஷம் பதினேழு. மொத்தம் முந்நூற்று அறுபத்தொன்று."

பள்ளியில் ஜார்வெல் அவ்வளவு தூரத்தை இரண்டே ஆட்டத்தில் ஓடியிருக்கிறான். கல்லூரிகளுக்காகப் பள்ளி ஆட்டக்காரர்களைத் தரம் பிரிப்பவர்கள் பதினெட்டு வயதில் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நாட்டிலேயே அப்படி முப்பது பையன்கள்தான். பதினோரு கல்லூரிகளின் கோச்சுகள் அவன் அம்மாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்து பீச் பழப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. போன வாரம் நகரத்துப் பத்திரிகை ஒரு பட்டியல் போட்டிருந்தது: நம்ப வைத்து ஏமாற்றிய பத்து ஓட்டக்காரர்கள். அதில் ஜார்வெல் மூன்றாவது. எவனோ குளிர்சாதன அறையில் காலை நீட்டிக்கொண்டு எழுதியது.

டயர் கடை ராய்ஸ் டிட்மோர்தான் முதலில் ஆரம்பித்தார். அவர்தான் எப்போதும் ஆரம்பிப்பார்.

"அஞ்சு நட்சத்திரம்னாங்க. மின்மினிப்பூச்சி அளவுக்காவது வெளிச்சம் வந்துச்சா?"

"முட்டியில கத்தி வெச்சாங்க, ராய்ஸ்," என்றார் வெர்னெல் ஓக்ஸ். இருபத்தாறு வருஷம் பள்ளிச் சமையலறையை ஆண்ட பெண்மணி. ஜார்வெலுக்கு இரண்டாம் தட்டு எடுத்து வைத்தவர்.

"அது மூணாவது வருஷம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் என்ன செஞ்சான்? நான் டிவியில பாத்துட்டுப் பேசல. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போனேன். வண்டியில கொடி கட்டிக்கிட்டுப் போனேன். இடது பக்கம் வெட்டித் திரும்புனா முன்னாடி ஒருத்தனும் இல்ல, வெறும் புல்லு. திரும்ப மாட்டேங்கறான். அடி விழும்னு பயந்துக்கிட்டு நேரா கோட்டுக்கு வெளியே ஓடிடறான். நம்ம ஊர்ல அப்படியா ஓடினான்?"

"நீ பஸ்ஸுக்கே ஓட மாட்டே. நீ அவன் ஓட்டத்தப் பத்திப் பேசறியா?" என்றார் வெர்னெல்.

எல்லோரும் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. "சிரிங்க. அந்தப் பையன் மேல நான் வெச்சிருந்த ஆசைய என் சொந்தப் புள்ள மேலகூட வெச்சதில்ல. பெரிய எடத்துக்குப் போனான், தலைக்கு ஏறிடுச்சு, படுத்துட்டான். என் கை மேல போகாது."

கூட்டத்தை நடத்தும் வெர்னெல் கை தூக்கச் சொன்னதும் ஆறு கைகள் உயர்ந்தன. ஆல்டனுடைய கையும் அதில் ஒன்று. ராய்ஸின் இரண்டு உள்ளங்கைகளும் மேஜைமேல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெர்னெல் பெருமூச்சு விட்டு ஜார்வெலின் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"அடிக்காத, வெர்னெல்," என்றார் ஆல்டன். "நான் படிச்ச எண்ணு தப்பு."

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கூடத்தில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடைசி வருஷப் பையன்களின் இரவு. அம்மாக்களெல்லாம் பூங்கொத்தோடு கோட்டோரம் நிற்கும் ஆட்டம். கவுண்டி சாதனை 6,112. அதைத் தாண்ட ஜார்வெலுக்கு நெடுந்தூரம் இருந்தது. ஆனால் அன்று அவன் பேய் பிடித்தவன்போல ஓடினான். மூன்றாவது பகுதியில் பைன் மரங்கள் இருக்கும் பக்கமாக ஒரு நீண்ட ஓட்டம். எதிராளி ஒருவனை நம் பையன் ஒருத்தன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டான் என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார். ஓட்டம் செல்லாது, பந்து பின்னால் வரும். கூட்டம் நடுவரைத் திட்டித் தீர்த்தது. ஆல்டனும் எழுந்து நின்று திட்டினார். அதுதான் அவர் செய்த பாவம். எண்காரர் திட்டக் கூடாது. துணி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். அந்த ஓட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் ஓட்டக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. முன்னால் விழுந்தால், அது விழுந்த இடம்வரை ஓடியது அவன் கணக்கில் சேரும். ஆல்டன் பின்னால் விழுந்தது என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டார்.

நான்காவது பகுதி தொடங்கியபோது 34க்கு 7. ஜெயித்தாகிவிட்டது. ஜார்வெலின் இடது முட்டி லேசாகப் பிசகியிருந்தது. கோச் ஹேன்லி அவனை உட்கார வைத்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, முட்டிமேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஆல்டன் மேலே இருந்து போனில் கூப்பிட்டார்.

"கோச், பையன் ஆறாயிரத்து நூத்தி ஒண்ணுல இருக்கான். இன்னும் பன்னெண்டு கஜம்."

"நிச்சயமா சொல்றியா?"

"நான் எப்பயாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் காலால் பலகையைத் தட்டியது. ஜார்வெல் ஐஸ் பையைக் கீழே வைத்தான். முதல் ஓட்டம் ஐந்து கஜம். இரண்டாவது எட்டு கஜம். அந்த எட்டாவது கஜத்தில் மூன்று பேர் அவன் இடது காலின்மேல் விழுந்தார்கள். எழுந்து, நொண்டாமல் நடக்கப் பார்த்து, அம்மாவிடம் போய்ப் பூங்கொத்தை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வழக்கம்போல ஆட்டத்தின் பதிவைப் போட்டு எண்களைச் சரிபார்த்தார் ஆல்டன். மஞ்சள் துணி முன்னால் விழுந்திருந்தது. பதினான்கு கஜம் முன்னால். ஐஸ் பையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த பையன் அப்போதே சாதனையைத் தாண்டி மூன்று கஜம் போயிருந்தான்.

"அந்த ரெண்டு ஓட்டமும் தேவையே இல்ல," என்று ஆல்டன் சொல்லி முடித்தார். "முட்டி கல்லூரியில போகல. இங்க போச்சு. வெளிய தெரிஞ்சா ஸ்காலர்ஷிப் போயிடும்னு கோச் அவன் வாயக் கட்டி வெச்சாரு. சாகற வரைக்கும் என்னத் தவிர யார்கிட்டயும் சொல்லல அவரு. இடது பக்கம் அவன் ஏன் திரும்பலன்னு கேட்டியே ராய்ஸ், திரும்ப முடியல."

ராய்ஸின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"அந்தக் காலோடயா ரெண்டு வருஷம் ஓடினான்?" என்றார். "நான் கேலரியில நின்னு கத்தினேன் அவன. கோழைன்னு கத்தினேன். திரும்பிப் பாத்தான்." ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கையை மேலே தூக்கினார். அந்தக் கையைக் கீழே இறக்க வெகுநேரம் ஆயிற்று.

வெர்னெல் ஏழு என்று எழுதிக்கொண்டார். பிறகு ஆல்டனைப் பார்த்த பார்வையில் கருணை எதுவும் இல்லை.

"அவன்கிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"ரிட்டையர் ஆகற வரைக்கும் அவன் வீட்டு வாசல்ல கடிதம் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டுத் திரும்பி வந்திருக்கே. இங்க உக்காந்து எங்களுக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? மைதானத்துலதான் இருக்கான். எந்திரி."

மைதானம் தேவாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ஆல்டன் வண்டியை எடுக்காமல் நடந்தார். நடந்தால் நேரம் கிடைக்கும் என்று நினைத்தார், கிடைக்கவில்லை.

ஜார்வெல் கவுண்டிப் பள்ளிகளுக்குப் புல் வெட்டுகிறான், கோடு போடுகிறான். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் என்பதால் சுண்ணாம்பு நிறப் பெயின்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஐந்து கஜத்துக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான். இடது காலை ஒரு விநாடி தாமதமாகத்தான் எடுத்து வைப்பான். ஆனால் கோடு மட்டும் கயிறு பிடித்தாற்போல நேராக வரும். வலது முன்கையின் உள்பக்கம் பச்சை குத்தியிருந்தான்: 6114. கல்லூரிக்குப் போவதற்கு முதல் நாள் குத்திக்கொண்டது.

"ஈரத்த மிதிச்சுடாதீங்க மிஸ்டர் ஆல்டன்," என்று தூரத்திலிருந்தே சொன்னான். "எத்தன கை?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மிஸ் வெர்னெல் நேத்தே அம்மாகிட்ட உளறிட்டாங்க. மனசு விட்ராதன்னு வேற சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, மிஸ்டர் ராய்ஸ் கை தூக்க மாட்டாருன்னு."

"ஏழு," என்றார் ஆல்டன்.

ஜார்வெல் வண்டியை நிறுத்தினான். "மிஸ்டர் ராய்ஸுமா?"

"ராய்ஸும்தான்."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு, பைன் மரங்கள் பக்கம் திரும்பி நின்றான். திரும்பி வந்த முகம் பதினெட்டு வயது முகம். ஆல்டன் அதைப் பார்த்து இத்தனை வருஷமாகிவிட்டது என்பதே அப்போதுதான் உறைத்தது.

"பேப்பர்ல மூணாவதா போட்டிருந்தாங்க. மொத ரெண்டு எடமும் எப்படிடா கைவிட்டுப் போச்சுன்னு அம்மா கேட்டாங்க," என்று சிரித்தான். "கடைக்குப் போனா நாலு பேரு அந்தப் பேப்பர மடிச்சு வெச்சுக்கறாங்க. எனக்கு அதெல்லாம் வலிக்காது. நம்புங்க. ஏன்னு சொல்லட்டுமா? கோச் இப்ப உயிரோட இல்ல, அதனால சொல்லலாம். இந்த முட்டி அன்னிக்கு ராத்திரியே போச்சு. கடைசி ஓட்டத்துல. சத்தம் எனக்கே கேட்டுச்சு."

ஆல்டனால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"பத்திரிகைக்காரனுக்கு அது தெரியாது. கல்லூரியில ஒண்ணும் குடுக்காம வந்துட்டான்னு எழுதறான். நான் குடுக்க வேண்டியத இங்கயே குடுத்துட்டுத்தான் போனேன். என்ன குடுத்தேன், என்ன வாங்கினேன்னு எனக்குத் தெரியும்." முன்கையைத் திருப்பிக் காட்டினான். "பன்னெண்டு கஜம் கேட்டாங்க. பதிமூணு குடுத்தேன். யாரும் என்னை ஏமாத்தல, நானும் யாரையும் ஏமாத்தல. ராத்திரி தூக்கம் வரலேன்னா அதத்தான் நெனச்சுப்பேன்."

ஆல்டன் அந்த இடத்திலேயே வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் கூடத்தில் ஏழு பேருக்குத் தெரிந்த சங்கதி திங்கட்கிழமைக்குள் டயர் கடை வழியாக இவனிடம் வந்து சேரும். அதைவிடத் தன் வாயிலிருந்து அவன் கேட்பது மேல் என்று நினைத்தார். அது சரியா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

சொன்னார். மஞ்சள் துணி, பதினான்கு கஜம், போனில் கூப்பிட்டது, எல்லாவற்றையும். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

முடிந்ததும் ஜார்வெல், "எந்த ஓட்டம்?" என்று மட்டும் கேட்டான்.

"மூணாவது பகுதியில. பைன் மரத்துப் பக்கம்."

"அதுவா? அதுக்கு யாரும் கை தட்டல. எல்லாரும் நடுவரத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க." நடந்து போய், முப்பத்தெட்டாவது கஜத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் நின்று காலடியில் பார்த்தான். "இங்க?"

"இன்னும் ரெண்டு அடி முன்னால."

இரண்டு அடி தள்ளி நின்றான். அங்கே வெறும் புல்தான் இருந்தது. ஜார்வெல் கோட்டோரத்தில் இருந்த பெஞ்சைப் பார்த்தான்.

"அப்ப நான் உக்காந்தே இருந்திருக்கலாம்," என்றான்.

அழ வேண்டியவர் தான் இல்லை என்பதனால் ஆல்டன் அழாமல் நின்றார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஞாயித்துக்கிழம."

"ஞாயித்துக்கிழம." அவன் யோசித்தான். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தீங்களே. தேங்காய்க் கேக்கு எடுத்துட்டு வந்தீங்க. தலகாணி மேல கால வெச்சுப் படுத்திருந்தேன். என் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்க. வாழ்த்துச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"சொல்லத்தான் வந்தேன், ஜார்வெல்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா உங்க மேல கோவம் வந்திருக்கும். அவ்வளவுதான். கோவம் போயிருக்கும்." முன்கையைப் பார்த்தான். "இப்ப இதுவும் தப்பா?"

"ஆறாயிரத்து நூத்தி இருபத்தெட்டு. அதுதான் சரியான எண்ணு. வெர்னெல் அத மாத்தச் சொல்லி எழுதப் போறா. கல்லுல அதுதான் வரும். நீ நெனச்சதவிட அதிகம்ப்பா."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"ஆறாயிரத்து நூத்திப் பதினாலுன்னே போடச் சொல்லுங்க. பேரு போடறதுன்னா அந்த எண்ணோட போடுங்க. இல்லேன்னா பேரும் வேணாம்."

"தப்பான எண்ண நான் எப்படிப்பா படிக்கறது?"

"ஒருவாட்டி தப்பாச் சொன்னீங்க, நான் ஓடினேன். இன்னொருவாட்டி சொல்லுங்க." குரல் உயரவில்லை. "அந்தப் பன்னெண்டு கஜத்த என்கிட்டேருந்து எடுத்துக்காதீங்க மிஸ்டர் ஆல்டன். வேற ஒண்ணும் இல்ல என்கிட்ட."

ஜார்வெல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாற்பதாவது கஜக் கோட்டைப் போட ஆரம்பித்தான். ஆல்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஈரக்கோடு. காயும்வரை அவர் வெயிலில் அங்கேயே நின்றார்.

முதல் வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு முன் சுவரருகே ஊர் கூடியது. புதுப் பெயரை மூடியிருந்த திரை இன்னும் விலகவில்லை. ஜார்வெல் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு அம்மாவின் பக்கத்தில் நின்றான். ராய்ஸ் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை; அவரை அறிந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். எண்காரரைக் கூப்பிட்டார்கள். ஆல்டன் எழுந்து நின்றார், தாளைப் பிரித்தார்.

"ஆறாயிரத்து நூற்றுப் பதினான்கு கஜம்," என்று படித்தார்.

கூட்டம் கை தட்டியது. ஜார்வெலும் தட்டினான்.